மிதிவெடி: போர் முடிந்ததை அறியாத ஆயுதம்

ஈழத்தமிழில் இதற்கு 'மிதிவெடி' என்று பெயர். கண்ணிவெடி என்னும் பொதுச்சொல்லைவிட இது துல்லியமானது. துப்பாக்கியை ஒருவன் குறிபார்த்துச் சுட வேண்டும். மிதிவெடியை இயக்குவதோ, அதற்குப் பலியாகும் மனிதனின் பாதமே. அப்பாதம் சிப்பாயுடையதா, விறகு பொறுக்க வந்த சிறுமியுடையதா என்பதை அது அறியாது. போர் முடிந்துவிட்டதையும் அறியாது.

இந்த அறியாமைதான் அதைத் தடைசெய்யக் கோரியவர்களின் வாதத்துக்கு அடிப்படை. போரிலும் வரம்பு உண்டு என்ற எண்ணம் புதிதன்று. எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும், அவன் வேதனையைப் பெருக்கலாகாது என்று 1868ஆம் ஆண்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் கூறியது. படையினரையும் குடிமக்களையும் வேறுபடுத்திக் காண வேண்டும் என்று 1977ல் ஜெனிவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறை விதித்தது. காலைச் சிதைத்து உயிரை விட்டுவைக்கும் மிதிவெடி முதலாவதை மீறுகிறது. காத்திருந்து எவரையும் தாக்குவதால் இரண்டாவதையும் மீறுகிறது.

ஆயினும் 1980ல் உருவான ஐ.நா. ஒப்பந்தம் அதைக் கட்டுப்படுத்த முயன்றதேயன்றித் தடைசெய்யவில்லை. அதே பத்தாண்டில்தான் கம்போடியாவின் தாய்லாந்து எல்லை நெடுகிலும் 'கே5' என்ற கண்ணிவெடி வேலி எழுந்தது. 1992ல் ஆறு தொண்டு நிறுவனங்கள் இணைந்து தடைக்கான இயக்கத்தைத் தொடங்கின. 'போருக்கு இது இன்றியமையாதது' என்ற தளபதிகளின் வாதத்துக்கும் பதில் வந்தது. 26 போர்களை ஆராய்ந்து 1996ல் செஞ்சிலுவைச் சங்கம் வெளியிட்ட அறிக்கை, அதன் ராணுவப் பயன் சொற்பமே, அது விளைவிக்கும் மனிதத் துயரத்துக்கு ஈடாகாது என்றது. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் 122 நாடுகள் தடை உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசு இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் கிடைத்தது.

உடன்படிக்கை வெறும் காகிதமாக நின்றுவிடவில்லை. உறுப்பு நாடுகள் தம் கிடங்குகளிலிருந்த ஐந்து கோடிக்கும் மேற்பட்ட கண்ணிவெடிகளை அழித்தன. இலங்கை 2017ல் இணைந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் ஆகியவை வெளியே நின்றன.

ரஷ்யாவின் உக்ரைன் படையெடுப்பைக் கண்டு அஞ்சிய பால்டிக் நாடுகளும் பின்லாந்தும் போலந்தும் 2025ல் உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தன. அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட இயலாது. ஆனால் ஒன்றை நினைவூட்டலாம். மொசாம்பிக்கில் போர் முடிந்தது 1992ல். கண்ணிவெடியற்ற நாடு என்று அது அறிவிக்க முடிந்ததோ 2015ல். இடைப்பட்ட 23 ஆண்டுகளில் அங்கே பிறந்து நடக்கப் பழகிய குழந்தைகளுக்கு எந்தப் போரிலும் பங்கில்லை. மிதிவெடியைப் புதைக்கும் முன் எந்த அரசும் எண்ணிப் பார்க்க வேண்டியது அவர்களைத்தான்.