தோல் பதனிட்டவர் மகன் வளர்த்த படிகங்கள்

படிகாரத்தை வெந்நீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்து வடிகட்டி, நூலிற் கட்டிய சிறு படிகம் ஒன்றை அதனுள் தொங்கவிட்டு அசையாது வைத்தால், சில நாட்களில் அது பட்டை தீட்டிய கல்போல் வளர்ந்து நிற்கும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் நம் மாணவர் பலர் செய்து பார்த்த சோதனையே இது. வெந்நீர் தாங்கும் உப்பைக் குளிர்ந்த நீர் தாங்காது. மிகுந்தது படிகமாக வெளிப்படுகிறது. மெல்ல ஆறினால் பெரும்படிகம் கிடைக்கும். விரைந்து ஆறினால் பொடியே மிஞ்சும். இவ்வெளிய முறையிலிருந்தே 1848ஆம் ஆண்டில் வேதியியலின் புதிய கிளையொன்று தோன்றிற்று.

அதனைத் தோற்றுவித்தவர் லூயி பாஸ்டர். 1822 டிசம்பர் 27இல் பிரான்சு நாட்டின் டோல் என்னும் ஊரில் பிறந்தவர். தந்தையார் தோல் பதனிடும் தொழிலினர். அர்புவா என்னும் சிற்றூரில் ஆற்றங்கரை வீடு. அங்கேயே பதனிடும் தொட்டிகள். அவற்றின் வாடையை அறிந்த நம்மவர்க்கு அவ்வீட்டை விளக்க வேண்டுவதில்லை. ஆயினும் தோல் தொழிலாளியின் மகன் என்பதற்காக அவரைத் தீண்டத்தகாதவர் எனப் பள்ளி வாயிலில் நிறுத்துவார் அந்நாட்டில் இலர். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

திராட்சை மதுத் தொட்டிகளில் படியும் கசண்டிலிருந்து கிடைக்கும் டார்ட்டாரிக் அமிலத்தின் கரைசல், தள முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். அதே இயைபுடைய ரசீமிக் அமிலமோ திருப்பாது. இவ்விரண்டின் சோடியம் அம்மோனியம் உப்புகளும் படிக வடிவில் ஒன்றே என 1844இல் அறிவித்தார் ஜெர்மானிய அறிஞர் மிட்சர்லிக். இருபத்தைந்து வயதுப் பாஸ்டர் அதனை அப்படியே ஏற்கவில்லை. ரசீமிக் உப்பின் தெவிட்டிய கரைசலை மெல்ல ஆவியாகவிட்டு, விளைந்த படிகங்களை ஒவ்வொன்றாக நோக்கினார். சிலவற்றில் ஒரு சிறு முகம் வலப்பக்கமும், சிலவற்றில் இடப்பக்கமும் சாய்ந்திருந்தது. வலக்கையும் இடக்கையும் போல. இரண்டையும் கையாலேயே பொறுக்கிப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒன்று ஒளியை வலப்பக்கமும், மற்றது இடப்பக்கமும் திருப்பிற்று. சம அளவில் கலந்தபோது திருப்பம் இல்லை.

ஏறக்குறைய 27 பாகை செல்சியசுக்கு மேல் அவ்வுப்பு இவ்வாறு பிரிந்து படிவதில்லை. நம் ஊர்க் கோடையில் செய்திருந்தால் பாஸ்டர் ஏமாந்திருப்பார்!

எழுபத்து நான்கு வயது அறிஞர் பியோ இதனை எளிதில் நம்பவில்லை. தம் கண்ணெதிரே, தாம் தந்த பொருள்களைக் கொண்டே உப்பைச் செய்யச் சொன்னார். கரைசலைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். படிகங்கள் விளைந்தபின் பாஸ்டரை அழைத்துப் பிரிக்கச் செய்து, தாமே கரைத்தார். இடப்பக்கம் திருப்பும் எனப்பட்ட கரைசலையே முதலில் கருவியில் வைத்தார். அளவெடுக்கும் முன்னரே விடை தெரிந்துவிட்டது. முதியவர் அந்த இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார்.