ஐந்தா, மூன்றா? ஒரு தரங்கம்பாடிக் காசு

போன மாசம் என்னிடம் இருந்த பழங்காசுகளில் பெரும்பாலானதை விற்றுவிட்டேன். எங்களுடையது ஓட்டு வீடு. இந்த ஐப்பசி மழையைத் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். கைமரம் நாலைந்து உளுத்துப் போயிருக்கு, ஓட்டில் பாதி மாற்றணும். ராஜராஜன் பேர் போட்ட செப்புக்காசு 17, நாகப்பட்டினத்து டச்சுக்காசு 6, புதுச்சேரி பிரெஞ்சுக்காசு கொஞ்சம், கம்பெனி கால் அணா ஒரு டப்பா நிறைய. எல்லாம் போயிற்று. உண்மையைச் சொன்னால், விற்கும்போது பெரிய வருத்தம் ஒன்றும் வரவில்லை. எல்லாமே வியாபாரிகளிடம் விலைக்கு வாங்கியவை. எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்று கேட்டால், "பார்ட்டி கொண்டாந்தது சார்" என்பதுதான் எப்போதும் பதில். வந்த வழியே போய்விட்டன.

ஒன்றே ஒன்றை மட்டும் விற்கவில்லை. இரண்டு வாரமாக அதைப் பற்றித்தான் யோசனை.

அது அப்பா எடுத்த காசு. பொறையாரில் பள்ளிக்கூட வாத்தியார் அவர். 1977 நவம்பர் 12ஆம் தேதி நாகப்பட்டினத்துப் பக்கம் அடித்த புயலை எங்கள் பகுதியில் வயசானவர்கள் யாரும் மறக்கவில்லை. புயல் ஓய்ந்த மூன்றாம் நாள் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தரங்கம்பாடிக் கடற்கரைக்குப் போயிருக்கிறார். அலை கரையை அரித்துப் புரட்டிப் போட்ட பிறகு மணலில் காசுகள் தென்படும் என்பது அங்கே மீனவப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியையே தின்றுவிட்ட கடல் அது. தின்றதில் கொஞ்சத்தைத் திருப்பித் துப்பவும் செய்யும். அம்மா இந்தக் கதையை வேறு மாதிரி சொல்வாள்: "ஓடெல்லாம் பறந்து கெடக்கு, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு நான் நிக்கிறேன். மனுசன் கயிறு வாங்கிட்டு வருவார்னு பாத்தா, காச எடுத்துட்டு வந்து நிக்கிறார்."

அந்தக் காசை அப்பா ஒரு சீட்டில் மடித்து வைத்தார். சீட்டில் அவர் கையெழுத்து: "தரங்கம்பாடி. கோயிலுக்கு வடக்கே, கரையில். 15.11.77. டேனிஷ், 4 காசு, 1845."

காசைப் பார்த்தால் அழகென்று சொல்ல ஒன்றும் இல்லை. செம்பு, கறுத்துப்போனது. ஒரு பக்கம் கிரீடம். அதன் கீழே டென்மார்க் மன்னர் எட்டாம் கிறிஸ்தியானின் பெயரெழுத்துகள் பின்னிக்கிடக்கின்றன. மறுபக்கம் ரோமன் எண்ணில் நாலு, அடியில் 'காஸ்' என்ற சொல், அதற்கும் அடியில் ஆண்டு. இந்தக் 'காஸ்' வேறொன்றும் இல்லை, நம்ம காசுதான். கோபன்ஹேகனில் இருக்கும் ராஜாவின் முத்திரைக்குப் பின்னால் கடைத்தெருத் தமிழ்ச் சொல் ஒன்று ரோமன் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. 80 காசு ஒரு பணம் என்பது சென்னையைப் போலவே அங்கேயும் கணக்கு. ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க அடித்த காசில் ஊரார் சொல் இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்?

டேனியர்கள் இங்கே வந்த கதை பலருக்கும் தெரியும். 1620இல் ஓவே கெட்டே கப்பலில் வந்து, தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, கோட்டை கட்டினார். அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம். 1639க்குப் பிறகு முப்பது வருஷம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. அங்கே போர், கடன், கம்பெனி திவால். இங்கே கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், அல்லது ஓடிப்போனார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே என்ற ஒரே டேனியர் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு 1655லிருந்து கோட்டையைக் காத்தார். 1669இல் கப்பல் வந்தபோது கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. தரங்கம்பாடியில் ஈயத்தில் காசு அடித்ததெல்லாம் அந்த நூற்றாண்டில்தான். கறுப்பாக, கோணல்மாணலாக, நகத்தால் கீறினால் கோடு விழும். அதில் ஒன்றுகூட எனக்குக் கிடைத்ததில்லை. கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி போயிருக்கும்.

சரி, எட்டாம் கிறிஸ்தியானுக்கு வருவோம். அவர் பட்டத்துக்கு வந்தது 1839 டிசம்பரில். அதற்குள் தரங்கம்பாடியின் கதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1808லிருந்து 1815 வரை ஊரையே ஆங்கிலேயர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு வியாபாரம் தலையெடுக்கவில்லை. 1835இல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயைக் கொண்டுவந்துவிட்டது. நாலு பக்கமும் ஆங்கிலேயர் ரூபாய், நடுவே இந்தத் துண்டு ஊரில் மட்டும் டேனிஷ் காசு.

1845 பிப்ரவரி 22ஆம் தேதி ஒப்பந்தம் ஆனது. தரங்கம்பாடி, வங்காளத்தில் செராம்பூர், பாலசோரில் ஒரு மனை, மூன்றும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய். கோட்டை, அரசுக் கட்டடங்கள், சாலை, எல்லாம் அடக்கம். நவம்பர் 7ஆம் தேதி தரங்கம்பாடி கைமாறியது. ஊர்க்காரர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதெல்லாம் அந்தக் காலத்தில் வழக்கமே இல்லை. கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடம் தரங்கம்பாடியிலேயே இருந்தது. 1860இல் அதுவும் தஞ்சாவூருக்குப் போனது. அடுத்த வருஷம் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது. அத்தோடு துறைமுகத்தின் கதை முடிந்தது.

ஆகவே அப்பா எழுதியபடி இந்தக் காசு 1845 என்றால், விற்கப்பட்ட வருஷத்திலேயே அந்த ஊரில் அடித்த காசு.

இதைத்தான் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்கிறார். டேனிஷ் காசுகளை வருஷவாரியாகச் சேர்க்கிறவர். நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். "1845னா பதினஞ்சாயிரம் தர்றேன் சார். வேற வருஷம் எங்கிட்ட இருக்கு, அதுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல போக முடியாது." எனக்கு ஓட்டு வேலைக்கு இன்னும் பதினாலாயிரம் குறைகிறது. அளந்து வைத்த மாதிரி வந்து நின்றது தொகை.

(நடுவில் டென்மார்க்கிலிருந்தும் ஒரு கடிதம் வந்தது, இதைவிட மூன்று பங்கு விலை. அதை யோசிக்கவே இல்லை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தபால் உறையில் வைத்து அனுப்பினால் யாருக்குத் தெரியும் என்று கேட்காதீர்கள். அப்படிப் போனவை போதும்.)

படம் எடுத்து அனுப்பலாம் என்று காசை வெளியே எடுத்தேன். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, அப்பாவின் பூதக்கண்ணாடியில் பார்த்தால், 1, 8, 4 மூன்றும் தெளிவு. நாலாவது இலக்கத்தில் கீழ்ப்பாதி மட்டும் இருக்கிறது: வலப்பக்கம் திரும்பி இடப்பக்கம் சுருளும் ஒரு வயிறு. மேல்பாதியை மணல் தேய்த்துவிட்டது. ஐந்துக்கும் அதே வயிறுதான், மூன்றுக்கும் அதே வயிறுதான். மேலே இடப்பக்கம் நேர்கோடு இருந்தால் ஐந்து, இல்லாவிட்டால் மூன்று. சரியாக அந்த இடம்தான் போயிருக்கிறது. ஒரு வெளிச்சத்தில் கோடு தெரிகிற மாதிரி இருக்கும், டார்ச்சை நகர்த்தினால் மறைந்துவிடும். நாலு நாள் பார்த்தேன். பதினாலாயிரம் தேவைப்படுகிறவன் கண்ணுக்குக் கோடு அடிக்கடி தெரிகிறது என்பதையும் கவனித்தேன்.

அவரிடம் சொன்னேன், கடைசி எண் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று. "பரவாயில்ல சார். அப்பா 77லயே 1845னு எழுதி வெச்சிருக்காருல்ல? அந்தச் சீட்டையும் சேத்துக் குடுங்க. அப்ப இன்னும் தெளிவா இருந்திருக்கும். அதுவே சான்றுதான."

நியாயமான வாதம். பெட்டியில் கிடக்கிற காசு ஐம்பது வருஷத்தில் அவ்வளவு தேயாது என்றாலும், கைபட்டுக் கொஞ்சம் போயிருக்கலாம். கிட்டத்தட்ட ஒத்துக்கொண்டேன். சீட்டைப் படம் எடுக்க ஜன்னலோரம் கொண்டுபோனபோதுதான் பார்த்தேன். சீட்டு முழுக்க நீல மை. '184' வரைக்கும் நீலம். ஐந்து மட்டும் கறுப்பு மை. அந்த ஐந்துக்கு அடியில் நீலத்தில் ஒரு சின்னக் கோடு. இலக்கம் தெரியாத இடத்தில் எல்லோரும் போடுகிற கோடு.

அப்பாவுக்கும் தெரியவில்லை. எடுத்த அன்றைக்கே தெரியவில்லை. பின்னால் எப்போதோ, ஊர் விற்ற வருஷத்தை எங்கேயோ படித்துவிட்டு, ஐந்தைப் போட்டிருக்கிறார். பொய் சொல்ல இல்லை. அப்படி இருந்தால் நன்றாயிருக்குமே என்றுதான் போட்டிருப்பார். பத்து வயசில் என்னை மடியில் வைத்துக்கொண்டு "ஊர வித்த வருசத்துக் காசுடா இது" என்று சொன்னவர். அந்த ஒரு வாக்கியத்தால்தான் எனக்கு இந்தக் காசுப் பைத்தியமே பிடித்தது. அதைப் போய் இப்போது கறுப்பு மை, நீல மை என்று பிரித்துப் பார்க்கிறேனே என்று ஒரு பக்கம் சங்கடமாகவும் இருந்தது.

கோயம்புத்தூர்க்காரருக்குச் சீட்டின் படத்தை அனுப்பி, மை வித்தியாசத்தையும் எழுதினேன். மூன்றோ ஐந்தோ, என்னால் சொல்ல முடியாது என்றேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "நீங்க சொல்லாட்டி நான் பாத்திருக்க மாட்டேன் சார். அப்ப ரெண்டாயிரம்தான். உங்க இஷ்டம்."

ரெண்டாயிரத்துக்குக் கொடுக்க மனசு வரவில்லை. அவர் ஆல்பத்தில் அது ஒரு சந்தேகக் காசு, மூலையில் கிடக்கும், சீட்டு எங்கேயாவது பிரிந்து போகும். இங்கே இருந்தால் 'கோயிலுக்கு வடக்கே, கரையில்' என்ற மூன்று சொல்லோடு இருக்கும். தரங்கம்பாடிக் கரையில் எந்த இடத்தில், எந்தப் புயலுக்குப் பிறகு என்று எழுதி வைத்த காசு வேறொன்றை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அப்பா போட்ட ஐந்தை அழிக்கவில்லை. தனியாக ஒரு சீட்டு எழுதி அதோடு சேர்த்து வைத்தேன்: "184–. கடைசி எண் 3 அல்லது 5."

கொத்தனாரிடம் பேசி, மழை அடிக்கிற கிழக்குச் சரிவை மட்டும் இப்போது முடித்துவிடுவதாக ஏற்பாடு. மேற்குச் சரிவு தை மாசத்துக்கு. அதுவரைக்கும் அங்கே தார்ப்பாய்தான். அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அந்த வருசம் கீத்து போட்டோம். தார்ப்பாய்னா தேவலாம்தான்" என்றாள். அப்புறம், "ஒங்கப்பா மாதிரியே" என்று என்னமோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.