'ஆவி' என்றால் பேயா, கடவுளா? 5 சமயங்கள் சொல்வது என்ன?

இட்லிப் பானையிலிருந்து வருவதும் ஆவி. பேய்ப் படத்தில் வருவதும் ஆவி. தேவாலயத்தில் வணங்கப்படுவதும் 'தூய ஆவி'. ஒரே சொல்லுக்கு ஏன் இத்தனை பொருள்?

தமிழ் மட்டும் அப்படியில்லை. எபிரேய மொழியின் 'ரூவாக்', கிரேக்க மொழியின் 'நியூமா' இரண்டுக்குமே காற்று, மூச்சு, ஆவி என்ற பொருள்கள் உண்டு. மூச்சு கண்ணுக்குத் தெரியாது. நின்றுபோனால் உயிர் இல்லை. கண்ணுக்குத் தெரியாத இறையாற்றலைச் சொல்லவும் அதே சொல் பயன்பட்டது.

சொல் ஒன்றாக இருந்தாலும் நம்பிக்கை ஒன்றல்ல.

யூத சமயம்: 'ரூவாக் ஹகோடெஷ்' என்பது தீர்க்கதரிசிகளைப் பேசவைக்கும் இறையாற்றல். கடவுளிலிருந்து வேறான ஒருவர் அல்ல.

கிறிஸ்துவ சமயம்: தூய ஆவி கடவுளே. தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுள் என்பது பெரும்பாலான திருச்சபைகளின் நம்பிக்கை. கி.பி. 381இல் கான்ஸ்டன்டினோப்பிளில் கூடிய சங்கம் அதை உறுதிப்படுத்தியது.

இஸ்லாம்: குர்ஆனில் 'ரூஹுல் குதுஸ்' என்ற பெயர் வருகிறது. அது வானவர் ஜிப்ரீலைக் குறிக்கிறது என்பது பெரும்பாலான விரிவுரையாளர்களின் கருத்து. அவர் இறைவனின் படைப்பு, வணங்கப்படுபவர் அல்ல.

இந்து சமயம்: இங்கு ஒரே பதில் இல்லை. ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே என்கிறது அத்வைதம். சைவ சித்தாந்தமோ உயிர் இறைவனோடு பிரியாமல் கலந்திருந்தாலும் இறைவனாக ஆகிவிடாது என்கிறது.

பௌத்தம்: என்றும் மாறாத ஆன்மா என்று ஒன்று இல்லை. அதைத்தான் 'அனத்தா' என்கிறார்கள்.

அப்போ, எல்லாம் ஒண்ணுதானா?

நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் சொல்கிறோம். ஆனால் கிறிஸ்துவ நண்பர் கடவுளாக வணங்குவதை முஸ்லிம் நண்பர் அப்படி ஏற்பதில்லை. 'ஒண்ணுதான்' என்றால் இருவர் நம்பிக்கையையும் நாம் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வாட்ஸ்அப் குழுவில் ஓர் இரங்கல் செய்தி வருகிறது. உடனே 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்று டைப் செய்கிறோம். இறந்தவர் பௌத்தராக இருந்தால்? யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். ஆனாலும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

சந்தேகம் இருந்தால் கேட்டுவிடலாம்: "உங்க சமயத்துல இதுக்கு என்ன அர்த்தம்?" பெரும்பாலும் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.