மலாயாவின் கத்தோலிக்கப் பள்ளிகள் ஒருமை பெற்ற வரலாறு

ஈப்போ செயிண்ட் மைக்கேல்ஸ், தைப்பிங் செயிண்ட் ஜார்ஜஸ், இவ்விரு நகர்களிலும் உள்ள கான்வென்டுகள் ஆகியவற்றை அறியாத தமிழாசிரியர் பேராக்கில் அரியர். இவை யாவும் ஒரே குடும்பத்துப் பள்ளிகள் என்று மக்கள் கருதுவது இயல்பு. ஆயின் இவற்றை ஒன்றாக்கிய சட்டமோ ஆணையோ தொடக்கத்தில் இருந்ததில்லை. அந்தந்த ஊர்க் குருமாரின் முயற்சியாலும் ஊராரின் பொருளுதவியாலும் ஒவ்வொன்றும் தனியே எழுந்தது. தனியே எழுந்தவை எங்ஙனம் ஓர் அமைப்பாயின, அவ்வமைப்பு எங்ஙனம் நாட்டுக் கல்வியிற் கலந்தது என்பதையே ஈண்டுக் காண்போம்.

சிங்கப்பூரில் பணியாற்றிய பிரெஞ்சுக் குருவாகிய பியூரல் அடிகள் தம் தாய்நாடு சென்று வேண்டியதன் பயனாக, 1852-ஆம் ஆண்டில் லசால் சகோதரர்களும் குழந்தை இயேசு சபைக் கன்னியரும் இப்பக்கம் வந்தனர். சிங்கப்பூர் செயிண்ட் ஜோசப்ஸ், பினாங்கு செயிண்ட் சேவியர்ஸ், பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்ட் ஆகிய மூன்றும் அவர்கள் பொறுப்பில் நடக்கத் தொடங்கியது அவ்வாண்டிலேதான். பின்னர் ஈயமும் இரயிலும் சென்ற வழியே பள்ளிகளும் சென்றன. கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வென்ட் 1899-இலும், செயிண்ட் ஜான்ஸ் 1904-இலும் தோன்றின. ஈப்போவில் 1907-இல் கான்வென்டும், 1912-இல் கொப்பின் அடிகளின் முயற்சியால் செயிண்ட் மைக்கேல்ஸும் அமைந்தன.

இப்பள்ளிகளைப் பிணைத்த கயிறு எது? சமயம் என்று விடை கூறுவோர் பலர். அவ்விடை பாதியே உண்மை. சமயம் ஒன்றாயினும் கற்பிக்கும் முறை ஊருக்கு ஊர் வேறுபடலாம் அன்றோ? சகோதரர் சபையை நிறுவிய ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் 1679-இல் பிரான்சின் ரைம்ஸ் நகரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிப் பணியில் இறங்கியவர். அவரும் அவருடைய ஆசிரியர்களும் பல்லாண்டு பயின்று கண்ட அனுபவம், பள்ளிகளை நடத்தும் முறை பற்றிய கைந்நூலாக, அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1720-இல் அச்சேறிற்று. மாணாக்கரை ஒவ்வொருவராய் அழைத்துக் கற்பியாமல் வகுப்பாக அமர்த்திக் கற்பித்தல், ஆசிரியர் வீண்பேச்சின்றிக் குறிப்பினாலேயே வகுப்பை நடத்துதல், பிள்ளை வராத நாளுக்குக் காரணம் கண்டறிதல் ஆகியவை அதிற் கூறப்பட்டவை. ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இன்று அதனைப் படித்தாலும், நம் பயிற்சி வகுப்பிற் கேட்டவற்றுட் பல அதில் இருப்பதைக் கண்டு வியப்பர்.

ஆகவே பினாங்கிலிருந்து ஈப்போவிற்கு மாற்றப்பட்ட சகோதரர் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. மாற்றமும் சபையின் ஆணைப்படியே நிகழ்ந்தது. ஊதியமோ தனி ஒருவர்க்கு உரியதன்று. இல்லத்தின் பொது நிதிக்கு உரியது. சபையிற் சேர்ந்த இளைஞர்க்குப் பினாங்கு புலாவ் தீக்குஸில் பயிற்சி இல்லம் இருந்தது. அந்தப் பழங்கட்டடம் இன்று ஒரு பேரங்காடி வளாகத்தின் நடுவே நிற்கிறது. இறுதி வகுப்பில் கேம்பிரிட்ஜ் தேர்வும் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாயிற்று.

தோட்டப் பள்ளிகளின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஏழு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிற் சட்டம் விதித்தது. சட்டம் ஒன்றே, பள்ளிகளோ நூற்றுக்கணக்கான தீவுகள். துரை நியமித்தவரே ஆசிரியர். பல இடங்களில் கங்காணியோ கிராணியோ அப்பணியையும் சேர்த்துப் பார்த்தார். அவர் தோட்டம் மாறிப் போனால் அவர் கற்பித்த முறையும் அவரோடு போயிற்று. சட்டம் பள்ளியைக் கட்டும், ஆசிரியரை ஆக்காது. கத்தோலிக்கப் பள்ளிகளோ முதலில் ஆசிரியரை ஆக்கிப் பின் பள்ளியைக் கட்டின.

குறை ஒன்றும் கூறியாக வேண்டும். இலத்தீனை முதலில் கற்பிக்கும் வழக்கத்தை மாற்றி, பிள்ளைகளின் தாய்மொழியாகிய பிரெஞ்சிலேயே வாசிப்பைத் தொடங்க வைத்தவர் லா சால். அவர்தம் வழிவந்தோர் மலாயாவிற் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே கற்பித்தனர். அரசு உதவியும் பெற்றோர் விருப்பமும் அவ்வழியே இழுத்தன என்பது மெய்தான். ஈப்போ செயிண்ட் பிலோமினா கான்வென்ட், தைப்பிங் செயிண்ட் தெரேசா கான்வென்ட் போன்ற தமிழ்ப்பள்ளிகள் இருப்பினும், பெரிய பள்ளிகளின் புகழ் நிழலில் அவற்றைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

இரண்டாவது ஒருமை அரசால் வந்தது. 1956-இன் ரசாக் அறிக்கையும், 1957-இன் கல்விச் சட்டமும், ரஹ்மான் தாலிப் அறிக்கையை ஒட்டிய 1961-இன் சட்டமும் பாடத்திட்டத்தையும் தேர்வையும் நாடு முழுமைக்கும் பொதுவாக்கின. முழு உதவி பெறுவதா, தனித்து நிற்பதா என்ற நிலையில், சமயப் பள்ளிகள் பெரும்பாலும் உதவியையே ஏற்றன. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பிலிருந்து மலாய் பயிற்றுமொழியாகத் தொடங்கிற்று. 1971-இல் அசிஸ் ஆணையம் ஆசிரியர் பணி பற்றிப் பரிந்துரைகள் அளித்தது. அதன்பின் உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியர் அரசுப் பணியாளராயினர். ஊதியத்திலும் ஓய்வூதியத்திலும் இருந்த ஏற்றத்தாழ்வு நீங்கியது பெரும் நன்மை. அதனைக் குறைத்து மதிப்பிடுவோர் குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தியறியாதார். எனினும் நியமனமும் மாற்றமும் அமைச்சின் கைக்குச் சென்றதும், துறவியர் தொகையும் அருகியதும் ஒருங்கே நிகழ, 1852 முதல் பள்ளிகளைப் பிணைத்திருந்த அந்தக் கயிறு மெலிந்தது.

எஞ்சியது நிலம். கட்டடமும் மனையும் சபையாருடையவை, ஆசிரியர் அரசினர் என்னும் இந்த இரட்டை நிலையின் சிக்கல் 2021-இல் வெளிப்படையாயிற்று. புக்கிட் நானாஸ் கான்வென்டின் நிலக் குத்தகை அவ்வாண்டு முடிவுறும் நிலையில், நீட்டிப்பு மறுக்கப்படவே, கன்னியர் உயர்நீதிமன்றம் சென்றனர். பின்னர்க் குத்தகை நீட்டிக்கப்பட்டது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகளுட் பல, தோட்டம் கைமாறியபோது இடமிழந்து மறைந்தன. அவற்றுக்கு நீதிமன்றம் செல்ல ஒரு சபையும் இருந்ததில்லை.