சாளை மூலையில் ஒரு வரலாறு



நொய்யல் ஆற்றங்கரையில், சென்னிமலைக்கு அருகே, கொடுமணல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இதுவே என்பர் அறிஞர். அங்கே மண்ணை அகழ்ந்தபோது இரும்பு உருக்கிய உலைகளும் இரும்புக் கசடும் வெளிப்பட்டன. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய அந்தக் கசட்டைக்கூட ஆராய்ச்சியாளர் அளந்து, எடையிட்டு, ஏட்டில் பதிந்து வைக்கின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டனார் உழுத இரும்பையோ நாம் கிலோக் கணக்கில் விற்றுவிடுகிறோம். இன்று நான் பேச விரும்புவது இந்த இரண்டாவது இரும்பைப் பற்றி. அதாவது, டிராக்டரில் மாட்டி உழுத பழைய கலப்பைகளைப் பற்றி.

பிறரைக் குறை கூறுவதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் வேளாண்மைத் தொழிற்கல்விப் பிரிவு ஒன்று இருந்தது. அது மூடப்பட்டபின், கொட்டகையிலிருந்த பொருள்களைக் கழித்துவிடப் பட்டியல் வந்தது. அதில் ஐந்து கொழுக்கள் உடைய சிறிய கலப்பை ஒன்றும் இருந்தது. வரலாறு படித்த நான் அதை ஏறெடுத்தும் பாராமல் கையொப்பமிட்டேன். சில நாட்கள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்து உழவர் ஒருவர் வந்தார். “ஏனுங்க ஐயா, அந்த அஞ்சு கலப்பை இன்னும் இருக்குதுங்களா?” என்று கேட்டார். பாகப்பிரிவினைக்குப்பின் அவருக்குக் கிடைத்த நிலத்தில் பெரிய கலப்பை திரும்ப இடமில்லையாம். நான் பதிவேட்டைப் புரட்டினேன். ‘பழைய இரும்பு - 1’ என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. யார் செய்தது, எந்த ஆண்டு வந்தது, எந்த மண்ணை உழுதது என்று சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அன்று முதல்தான் கலப்பைகளை உற்றுப் பார்க்கக் கற்றேன்.

இயந்திரக் கலப்பையின் வரலாறே, பெரிய பொறியைச் சிறிய நிலத்திற்குப் பொருத்த மனிதன் பட்ட பாட்டின் வரலாறு எனலாம். 1860-களில், டெனிசன் சென்னை ஆளுநராக இருந்த காலத்தில், இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பைகள் வரவழைக்கப்பெற்றுச் சைதாப்பேட்டைப் பண்ணையில் சோதனைக்கு விடப்பட்டன. வயலோரத்தில் நிற்கும் நீராவிப் பொறி, கம்பிவடத்தால் கலப்பையை இழுக்கும். பரந்த வெளிகளுக்கு ஏற்ற அந்த ஏற்பாடு வரப்புகள் நிறைந்த நம் நிலத்திற்கு ஒவ்வவில்லை. அப்பண்ணையோடு வளர்ந்த வேளாண்மைப் பள்ளியே பின்னர் 1906-இல் கோயம்புத்தூருக்கு இடம் மாறியது. 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் அதுவே.

பின்னர் டிராக்டர் வந்தது. தொடக்கத்தில் அது கலப்பையைச் சங்கிலியால் பிணைத்து இழுத்துச் சென்றது. திரும்புவதற்கு வெகு தொலைவு வேண்டும். வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் என்பவர் 1926-இல் காப்புரிமை பெற்ற ஓர் அமைப்பு இந்நிலையை மாற்றிற்று. கீழே இரண்டு கைகள், மேலே ஒன்று. இம்மூன்று முனைகளில் கலப்பையைப் பூட்டினால் அது டிராக்டரின் உறுப்பாகிவிடும். எண்ணெய் அழுத்தத்தால் அதனைத் தூக்கிக்கொண்டு குறுகிய வரப்போரத்திலும் திரும்பலாம். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் அவருடைய சிறு டிராக்டர்கள் 5 இலட்சத்திற்கு மேல் செய்யப்பட்டன. நம் நாட்டில் 1959-இல் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் நிறுவனத்தோடு கூடி டிராக்டர்கள் செய்யத் தலைப்பட்டது. கொங்கு நாட்டுச் சாளைகளில் இன்று துருவேறிக் கிடப்பவை இவ்வரலாற்றின் எச்சங்களே.

இவற்றை இனங்காண்பது எப்படி? முதலில் பூட்டும் முளைகளை அளந்து பாருங்கள். கீழ் முளைகள் 22 மில்லிமீட்டர், மேல் ஊசி 19 மில்லிமீட்டர் எனில் அது முதல் வகை; சிறிய டிராக்டருக்கு உரியது. முறையே 28, 25 எனில் இரண்டாம் வகை, பெரியதற்கு உரியது. ஆயினும் முளை தேய்ந்து மாற்றப்பட்டிருக்கக்கூடும். ஆதலால் ஒரே சான்றைக் கொண்டு முடிவு கட்டலாகாது; கல்வெட்டு படிப்போர்க்கு உரிய அதே எச்சரிக்கை இங்கும் வேண்டும்.

அடுத்து வடிவம். கொழுக்கள் வரிசையாக நின்றால் அது கொத்துக் கலப்பை. கொழுக்களை எண்ணி அஞ்சு கலப்பை, ஒன்பது கலப்பை என்று நம் உழவர் பெயரிட்டனர். கொழுவின் பின்னே சுருள்வில் இருந்தால், கல்லில் இடித்தபோது வளைந்து கொடுத்து மீள்வதற்காக அமைந்தது. கல் மிகுந்த செம்மண் காடுகளுக்கு உகந்தது. வட்டத் தட்டுகள் இருந்தால் சட்டிக் கலப்பை. தட்டு ஒவ்வொன்றும் தனித்தனியே சுழன்றால் அது உழுவதற்கு. எல்லாம் ஒரே அச்சில் கோத்திருந்தால் கட்டி உடைப்பதற்கு. பின்னர்த் துருவைத் துடைத்து வார்ப்பில் எழுத்தோ எண்ணோ தெரிகிறதா என்று நோக்குங்கள். இறுதியாக, ஊர்ப் பட்டறையின் கைவண்ணம். தேய்ந்த கொழுவுக்குப் பதிலாக லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டிப் பற்றவைத்திருப்பார்கள். அதைப் பழுது என்று எண்ணற்க. வெளிநாட்டு வடிவத்தை நம் மண்ணுக்கு இசைவித்த கொல்லரின் கையெழுத்து அது.

இவையெல்லாம் வெறும் பழம்பெருமை என்று சிலர் கருதலாம். 1970-71-இல் தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 1.45 ஹெக்டேர், 2015-16-இல் அது 0.75 ஹெக்டேர். நிலம் பாதியாயிற்று, டிராக்டர்களோ பெருத்து வந்தன. சிறு கருவியின் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. மேலும், ஆஸ்திரேலியராகிய ஹோவார்டு 1912 முதல் முயன்று உருவாக்கிய சுழல் கலப்பை இன்று எங்கும் பரவியுள்ளது. மேல்மண்ணைப் பொடியாக்குவதில் அதற்கு இணையில்லை. ஆனால் அதனையே திரும்பத் திரும்ப ஓட்டினால் அடிமண் இறுகும். இறுகிய அடுக்கை உடைக்க, மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக் கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில், 40 சென்டிமீட்டர் ஆழம் கீறுமாறு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஒவ்வொரு கலப்பைக்கும் ஒவ்வொரு வேலை உண்டு. கருவியை மறந்தால் அதன் வேலையும் மறந்துபோகும்.

எங்கே தேடுவது? சாளை மூலையில், பட்டறையின் பின்புறத்தில், உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில். அவற்றினும் மேலாக, அக்கலப்பையை ஓட்டிய முதியவரிடம். இரும்பு காத்திருந்தாலும் அவர் நினைவு காத்திராது.

விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஓர் அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துச் செல்லுங்கள். கலப்பையின் அளவு, கொழுக்களின் எண்ணிக்கை, வார்ப்பிலுள்ள எழுத்து, உழுத மண், ஓட்டியவர் சொல் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டியதில்லை. நான் கையொப்பமிட்ட பதிவேட்டில் அந்த அரைப் பக்கம் இருந்திருந்தால், அன்று வந்த உழவருக்கு அதுபோன்ற வேறொரு கலப்பையையாவது தேடிக் கொடுத்திருப்பேன்.