பழைய இரும்பும் நம் சமூகமும்

உலகில் மனிதன் ஆக்கிய பொருள்களுட் பல, ஒருமுறை பயன்பட்டு அழிந்தொழிவன. விறகு எரிந்தால் சாம்பலே மிச்சம். உலோகமோ அத்தகையதன்று. உடைந்த கலப்பையின் கொழுவை உலையிலிட்டு அடித்தால் அரிவாளாகும். அரிவாள் தேய்ந்தால் ஆணியாகும். உருவம் மாறுமேயன்றி இரும்பு மாறாது. நம் கிராமத்துக் கொல்லர் தொன்றுதொட்டு அறிந்திருந்த இவ்வுண்மையின் பெருமையை, கிள்ளான் பள்ளத்தாக்கின் சரித்திரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

கோலாலம்பூர் நகரம் உலோகத்தாற் பிறந்த நகரம். 1857-ஆம் வருஷத்தில் ராஜா அப்துல்லா என்பார், ஈயம் தோண்டும்பொருட்டு 87 சீனத் தொழிலாளரைக் கிள்ளான் ஆற்றின் வழியே அனுப்பினார். அவர்கள் அம்பாங்கில் வெட்டிய சுரங்கத்திலிருந்தே இந்நகரின் வாழ்வு தொடங்கிற்று. ஈயம் செல்வத்தைத் தந்தது மெய். ஆனால் அதற்கு நிலம் கொடுத்த விலை யாது? காடுகள் அழிந்தன, கழுவி விடப்பட்ட மணலும் சேறும் ஆறுகளை மேடாக்கின, வெள்ளத்தின் கொடுமை மிகுந்தது. இன்று மக்கள் காற்று வாங்கச் செல்லும் தித்திவங்சா ஏரியும் பழைய ஈயச் சுரங்கக் குழியே. மண்ணைத் தோண்டி எடுக்கும் ஒவ்வொரு பிடி உலோகத்துக்கும் இத்தகைய கடன் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து வந்தது இரும்புப் பாதை. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே 1886-ஆம் வருஷத்தில் ரயில் ஓடிற்று. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. செந்தூலில் பெரும் பட்டறை அமைந்தது. பாதையிட்டோரும், சரளை கொட்டினோரும், நிலையங்களில் கணக்கெழுதினோரும் பெரும்பாலும் தமிழரே. தண்டவாளமும் எஞ்சினும் கடல்கடந்து வரவேண்டியிருந்த அந்நாளில், பழையதைச் செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்தும் வித்தையைப் பட்டறைத் தொழிலாளர் கைக்கொண்டிருந்தனர். தோட்டத்து ஏழை மக்களும் மண்ணெண்ணெய் டின்னை வீசிவிடவில்லை. அதுவே தண்ணீர்க் குடமாயிற்று. பிரித்துத் தட்டினால் கூரைத் தகடாயிற்று.

இனி, பழைய இரும்பின் சரித்திரத்தில் நம் நெஞ்சை உருக்கும் பகுதிக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தத்தில் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர், சயாம்–பர்மா ரயில் பாதைக்குத் தண்டவாளம் வேண்டி, இந்நாட்டுப் பாதைகளையே பெயர்த்தெடுத்தனர். 1931-ல் முற்றுப்பெற்ற கிழக்குக் கரைப் பாதையின் நெடும்பகுதி பெயர்க்கப்பட்டது. தம்பினிலிருந்து மலாக்கா சென்ற கிளைப்பாதை மறைந்தே போயிற்று. இரும்பு சென்ற வழியே மனிதரும் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் 70,000-க்கும் மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது பல்லாயிரவர் மாண்டிருந்தனர். இடம் பெயர்ந்த தண்டவாளம் மீண்டும் பயன்பட்டது. இடம் பெயர்ந்த உயிரோ மீளவில்லை. பொருளைக் காப்பது மட்டும் நாகரிகமாகாது, அதைச் சுமக்கும் மனிதனையும் காத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் படிப்பினை.

யுத்தத்துக்குப் பின் இந்நாடு தானே இரும்பு செய்யத் தொடங்கிற்று. பிறையில் 1967-ஆம் வருஷத்தில் உற்பத்தி தொடங்கிய மலாயாவாத்தா ஆலை, தோட்டங்களில் வெட்டப்பட்ட முதிய ரப்பர் மரங்களின் கரியைக் கொண்டு தாதுவை உருக்கிற்று. கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்க எத்துணை எரிபொருள் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. பின்னர் கிள்ளான் முதலிய இடங்களில் மின்சார உலைகள் வந்தன. இவை பழைய இரும்பையே உண்டு புதிய எஃகைத் தருவன.

இதனால் விளையும் நன்மையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் பழைய எஃகை உருக்கிப் பயன்படுத்தினால், சுமார் 1.4 டன் இரும்புத் தாதுவும், 740 கிலோ நிலக்கரியும், 120 கிலோ சுண்ணாம்புக்கல்லும் மிச்சமாகின்றன, சுமார் 1.5 டன் கரியமிலவாயு காற்றிற் கலவாமல் தடுக்கப்படுகிறது. அலுமினியத்திலோ, தாதுவிலிருந்து புதிதாய்ச் செய்யச் செலவாகும் சக்தியில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு மிச்சம்.

இவ்வளவு நன்மைக்கும் முதற்படி எங்கே? லாரியில் வீதிவீதியாய்ச் சென்று பழைய இரும்பு வாங்குவோனிடத்திலன்றோ? கிள்ளான் பள்ளத்தாக்கில் இத்தொழிலைச் செய்வோருள் நம்மவர் பலர். தோட்டம் துண்டாடப்பட்டு நகருக்கு வந்த குடும்பங்கள் சில இதனால் நிமிர்ந்து நின்றன. ஆயினும் அவரை நம் சமூகம் எவ்வாறு மதிக்கிறது? மேசையில் அமர்ந்து கையொப்பமிடுவோனுக்கு மாலை. துருப்பிடித்த தகட்டைச் சுமப்போனுக்கு ஏளனம். தொழிலில் உயர்வு தாழ்வு கற்பிக்கும் இம்மடமை ஒழியவேண்டும்.

அதேபோது தொழில் செய்வோருக்கும் கடமை உண்டு. செம்புக்கம்பியின் உறையைத் திறந்தவெளியில் எரித்தால் எழுவது நச்சுப்புகை. பழைய மின்கலத்தை உடைத்தால் காரீயம் மண்ணிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் கலக்கும். காற்றைக் காக்கும் தொழிலே காற்றைக் கெடுக்கலாமா? திருட்டுக் கம்பியையும் சாக்கடை மூடியையும் வாங்குவது, பழம்பொருள் வியாபாரிகளைக் கட்டுப்படுத்தும் 1946-ஆம் வருஷச் சட்டத்துக்கு மட்டுமன்று, மானத்துக்கும் விரோதம். கையுறையும் கனத்த காலணியும் இன்றித் தொழிலாளியை வேலை வாங்கும் முதலாளி, சயாம் பாதையின் படிப்பினையை மறந்தவனாவான்.

ஆதலின், வீட்டின் பின்புறத்தில் கிடக்கும் உடைந்த சைக்கிளையும் ஓட்டைப் பாத்திரத்தையும் குப்பையெனக் கருதாதீர்கள். அவை பூமியிலிருந்து ஒருமுறை விலைகொடுத்து வாங்கப்பட்டவை. மறுமுறை விலைகொடுக்க இம்மண்ணுக்கு வலிமை இல்லை. அவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். வாங்க வருபவனை வாசலில் நிறுத்தி அதட்டாமல், ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, மரியாதையுடன் பேசி அனுப்புங்கள்.