ஒரு கவுன்சிலரின் தீர்மானம்

நகராட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். மன்றத் தீர்மானம் என்றால் மினிட் புத்தகத்தில் ஏறி அங்கேயே தூங்குவதைத்தான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். எழுந்து நடந்த ஒரு தீர்மானத்தைப் பற்றி இன்று எழுதுகிறேன். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது.

கார்லா டென்யர் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, காற்றாலைத் துறையில் வேலை பார்த்தவர். 2015-இல் பசுமைக் கட்சி சார்பில் அங்கே கவுன்சிலர் ஆனார். 2018 அக்டோபரில் ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. புவி வெப்பம் 1.5 டிகிரிக்கு மேல் உயராமல் இருக்க, 2030-க்குள் உலகின் கரிம வாயு வெளியீட்டை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கவேண்டும் என்றது அது. அடுத்த மாதமே, நவம்பர் 13 அன்று, டென்யர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 'காலநிலை அவசரநிலை' என்று அறிவிக்கவேண்டும். கரிமச் சமநிலைக்கு நகரம் வைத்திருந்த 2050 இலக்கை 2030-க்கு முன்னே கொண்டுவரவேண்டும்.

அப்போது 70 பேர் கொண்ட மன்றத்தில் பசுமைக் கட்சிக்கு 11 பேர்தான். ஆனாலும் ஒருமனதாக நிறைவேறியது! பிரிட்டனில் அப்படி அறிவித்த முதல் மன்றம் அதுவே. பிறகு முன்னூறுக்கும் மேற்பட்ட மன்றங்கள் பின்தொடர்ந்தன. 2019 மே 1 அன்று நாடாளுமன்றமும் அறிவித்தது.

கை தூக்குவது சுலபம். அதே பிரிஸ்டலின் மேயர் விமான நிலைய விரிவாக்கத்தை ஆதரித்தார், டென்யர் எதிர்த்தார். விமான நிலையம் இருப்பதோ பக்கத்து மன்றத்தின் எல்லையில். அந்த மன்றம் 2020-இல் அனுமதி மறுத்தும், மேல்முறையீட்டில் 2022-இல் கிடைத்துவிட்டது. உள்ளாட்சியின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

2019 பொதுத் தேர்தலில் டென்யர் தோற்றார். ஜெயித்தவர் தொழிற்கட்சியின் தங்கம் டெபோனேர். ஆமாம், நம் 'தங்கம்'தான். தந்தை வழியில் இந்திய, இலங்கைத் தமிழ் வேர் உள்ளவர். வித்தியாசம் 28,219 வாக்குகள். அத்தனை பெரிய தோல்விக்குப் பிறகு பலர் ஒதுங்கியிருப்பார்கள். டென்யர் 2021-இல் கட்சியின் இணைத் தலைவரானார். 2024-இல் நாடெங்கும் தொழிற்கட்சி அலை வீசியபோது, அமைச்சராவார் என்று எதிர்பார்க்கப்பட்ட தங்கத்தை 10,407 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

அதற்கு இரண்டு மாதம் முன்பு நடந்த மன்றத் தேர்தலில் பசுமைக் கட்சி 70-இல் 34 இடங்களைப் பிடித்திருந்தது. 2030 இலக்குக்குப் பதில் சொல்லும் பொறுப்பு இப்போது அவர்கள் தலையில்.